தொண்ணூற்றொன்பது ரூபாய் டிக்கெட்

மேற்குத் தாம்பரத்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீசில் ஷீலா டிக்கெட் போடும் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷமாகியிருந்தது. கணவருக்கு வேலை போன பிறகு அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. 2007 வாக்கில் பேப்பரில் மலிவு விமான விளம்பரங்கள் பெருகியதிலிருந்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சாயங்காலமானால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

விளம்பரத்தில் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எரிபொருள் கட்டணம், விமான நிலையக் கட்டணம், நெரிசல் கட்டணம் எல்லாம் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி. அதற்கு மேல் ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாயை ஆபீசுக்கென்று சேர்த்து, அதையும் வரி என்றே சொல்ல வேண்டும் என்பது முதலாளி தட்சிணாமூர்த்தியின் உத்தரவு.

"பேரு, வயசு எல்லாம் டைப் பண்ணிட்டு அப்புறம் டோட்டல் சொல்லும்மா. அதுக்குள்ள அவங்க மனசு பிளேன் ஏறிடும்" என்பார்.

தொகையைக் கேட்டதும் கத்துவார்கள். கத்திவிட்டுப் பாதிப் பேர் பணத்தை எடுத்து வைப்பார்கள். கத்தல் ஷீலாவுக்குப் பழகிவிட்டது. பணம் வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்களே, அதுதான் பழகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏசுபாதம் மனைவியோடு வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுபவர். டிக்கெட் வாங்கத்தான் வந்திருந்தார்கள் என்றாலும் மனைவி கங்கம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். புனேயில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"பேப்பர்ல தொண்ணூத்தொம்பதுன்னு போட்டுகீதே, அதுல ரெண்டு பேருக்குக் குடும்மா" என்றார் ஏசுபாதம்.

ஷீலாவின் விரல்கள் கீபோர்டில் இருந்தன. காலையிலிருந்து மூன்று சண்டை. நாலாவதுக்கு உடம்பில் தெம்பில்லை.

"அண்ணா, இருங்க. ஒருத்தருக்கு ரெண்டாயிரத்து எழுபத்தி நாலு ஆகும். அதுல இருநூத்தம்பது எங்க ஆபீசுக்கு. வரி இல்ல."

"போய் வரவா?"

"போறதுக்கு மட்டும்ணா."

அவர் மனைவியைப் பார்த்தார். கங்கம்மாதான் முதலில் எழுந்தாள். "வாய்யா, ரயில்லயே போலாம். கொயந்த எங்கியும் பூடாது."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தட்சிணாமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. "உடம்பு சரியில்லையா, ஷீலா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் முதல் அவளுக்கு, ரயில் டிக்கெட் எடுக்க ஸ்டேஷன் ரிசர்வேஷன் வரிசையில் நிற்கிற வேலை. சம்பளத்தில் ஐநூறு குறைந்தது.

அவள் நாற்காலிக்கு இஃப்ரா வந்தாள். காலேஜ் முடித்த கையோடு வந்த பெண். இரண்டாவது வாரம், ஷீலா வரிசையிலிருந்து திரும்பியபோது இஃப்ராவின் கண்கள் சிவந்திருந்தன.

"எல்லாரும் என்னையே திட்றாங்கக்கா. நான் என்னதான் சொல்றது?"

மொத்தத்தை முதலிலேயே சொல்லிவிடு என்று ஷீலாவுக்கு வாய் வரை வந்தது. இந்தப் பெண்ணின் சம்பளத்தை நம்பி வீட்டில் எத்தனை பேரோ. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலிக்கிற கால்களை நீட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் தண்ணி குடி" என்றாள்.