கூழ் தின்னிகள்

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்குப் போய்விடும் என்று, பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு வாய்ச் சாப்பாடுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் சோதனை.

அந்த வேலிக்குள் உட்கார்ந்துதான் நான் இத்தாலி பாஷை படித்தேன். கோலா பிலாவிலிருந்து மருந்து கொடுக்க வரும் இத்தாலிக்கார சிஸ்டர், ஞாயிறு மதியங்களில் எனக்கும், எங்களை மேய்க்கும் மண்டோரின் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். சிரம்பானில் அவர்களுடைய கன்னியர் மடத்துச் சமையலுக்கு ஒரு பெண் வேண்டும். அங்கே சிஸ்டர்கள் தங்களுக்குள் இத்தாலிதான் பேசுவார்கள். எங்களில் ஒருத்தியை எடுப்பதாகப் பேச்சு. எனக்கு அந்த வேலியைத் தாண்டினால் போதும்.

சொற்களோடு ஊர்க்கதையும் வரும். அவர்கள் நாடு தாத்தா காலத்தில்தான் ஒன்றானதாம். வடக்கே ஒரு பேச்சு, தெற்கே ஒரு பேச்சு. வடக்கு மலைக்காரர்கள் மக்காச்சோளக் கூழ் கிண்டித் தின்பவர்கள். அதனால் தெற்கத்திக்காரர்கள் அவர்களைப் ‘பொலெந்தோனி’, கூழ் தின்னிகள் என்று ஏசுவார்களாம். சிஸ்டரும் மலைக்காரிதான், சொல்லும்போதே முகம் சிவந்தது. மண்டோர் மகள் அதற்குள் தூங்கியிருந்தாள். எழுப்பினால், “கதை எதுக்குடி? பேச வந்தா பத்தாதா?” என்றாள்.

ஒரு காலை, என் பால்வாளிக்குள் கூழ்ச்சட்டி இருப்பதைக் கேட்டில் அவள்தான் காட்டிக்கொடுத்தாள். போலீஸ்காரன் எல்லார் முன்னாலும் மண்ணில் கொட்டினான்.

“இந்தக் கூழ் குடிக்கிற மூஞ்சிக்கு இத்தாலி பாஷை கேக்குதுலா!” என்று சிரித்தாள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேசப் பிறவியிலேயே கூச்சம். காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போனேன்.

ஆள் எடுக்க மடத்துப் பெரிய சிஸ்டர் வந்தார். அவரும் மலைக்காரர். கதவோரம் நின்றபோது மண்டோர் மகள் என் காதில், “ஏய், இவங்க ஊரு ஜனங்கள மரியாதையா என்னான்னு சொல்றது?” என்றாள்.

“பொலெந்தோனி.”

அவள் கை கூப்பி, பல்லெல்லாம் தெரிய, பொலெந்தோனி ரொம்ப நல்லவர்கள் என்று இத்தாலியில் சொன்னாள். எங்கள் சிஸ்டர் நெற்றியில் கை வைத்தார். தொலைந்தாள் என்று நினைத்தேன். பெரிய சிஸ்டரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரை விட்டு வந்தபின் அந்த ஏச்சைக் கேட்கவே இல்லையாம், காதுக்கு இனிக்கிறதாம். என் முறை வந்தபோது கூச்சத்தில் ஒரு சொல் வரவில்லை. அவளையே கூட்டிப்போனார்.

தீபாவளிக்கு வந்தாள், கன்னம் ஒட்டிப்போய்.

“தெனமும் மக்காச்சோளக் கூழுடி. நான்தான் கிண்டணும். கையே போச்சு. சோத்தக் கண்ணுல காட்ட மாட்டறாங்க. கொஞ்சம் சோறு போடேன்.”

“ரேஷன் அரிசி, எங்களுக்கே பத்தாது. கூழ் ஒடம்புக்கு நல்லதுலா,” என்றேன்.

பிறகு அவள் முன்னாலேயே உட்கார்ந்து, சுடுசோற்றில் கோழிக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, கடைசிப் பருக்கைவரை நிதானமாகத் தின்றேன். வேலிக்குள்ளேயே கிடந்தவள் நான்தான். இருந்தாலும் அந்தச் சோறு போல ஒரு சோறு அதற்குப் பிறகு நான் தின்றதில்லை.