குமாரி என்று எழுதிய கை

நம் ஆத்தா கோயிலுக்கு வெள்ளி தவறாமல் வரும் அக்கா தங்கைகளே, அண்ணன்மார்களே. எனக்கு ஒலிபெருக்கி முன்னால் நின்று பேச வராது. பாலர் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் பழகிய வாய் இது. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துக் காட்டினால் போதும். நான் பின்னால் நின்றுகொள்கிறேன்.

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை அந்த மின்னஞ்சல் வந்தது. அந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். ஆறு வாரமாக மழை இல்லை. வடக்கே சதுப்புக்காடு எரிந்துகொண்டிருந்தது. மேலே நெருப்பே தெரியாது, மண்ணுக்கு அடியில்தான் எரிகிறது என்றார்கள். புகை கோலசிலாங்கூர் வரைக்கும் வந்து, பகல் பன்னிரண்டு மணிக்கே வானம் மஞ்சள் பூத்திருந்தது. பிள்ளைகளை வெளியே விளையாட விடக் கூடாது என்று உத்தரவு. கதவு சன்னல் எல்லாம் சாத்திய வகுப்பறையில் உட்கார்ந்துதான் அந்தக் கடிதத்தைப் படித்தேன்.

என் கணவர் சரவணன் கனடாவில் லோரி மெக்கானிக். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர். என்னைத் தன்னோடு அழைத்துக்கொள்ளத் துணைவி விசாவுக்கு ஐப்பசியில் விண்ணப்பித்திருந்தார். அதற்குத்தான் இந்தப் பதில். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். 'கணவரோடு வாழ விசா கேட்கிறீர்கள். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன் வருகை விசா கேட்டபோது, திருமணமாகாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் திருமணம் பதிவாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. நீங்கள் உண்மையை மறைத்தீர்கள் என்று நாங்கள் ஏன் முடிவு செய்யக் கூடாது? முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும்.'

விளக்கம் சரியில்லை என்றால் ஐந்து வருடத் தடை. எனக்கு முப்பத்து நான்கு வயது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்பது வந்தது.

ஏன் அப்படி எழுதினேன்? நம்மவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நாம் முதலில் பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போடுவோம். மோதிரம் மாற்றி, ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, பெண் தன் வீட்டுக்கும் மாப்பிள்ளை தன் வீட்டுக்கும் போய்விடுவார்கள். அப்புறம் நாள் பார்த்து, மண்டபம் பார்த்து, கோயிலில் தாலி ஏறினால்தான் கல்யாணம். சட்டத்துக்கு ஒரு நாள், சாமிக்கு ஒரு நாள். நடுவில் ஒரு வருடம்கூட ஆகும். அதுவரைக்கும் அவள் அப்பா வீட்டுப் பெண்தான்.

எங்களுக்குத் தைப்பூசம் முடிந்த வாரம் பதிவு நடந்தது. கோயில் கல்யாணம் அந்த ஆவணியில் என்று பேச்சு. சித்திரையில் என் மாமனார் மாரடைப்பில் போய்விட்டார். துக்க வீடு, ஒரு வருடம் எதுவும் செய்யக் கூடாது. எனக்கு மூல நட்சத்திரம். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. கருமாதி வீட்டில் என் கணவரின் அத்தை ஒருவர், நான் தேத்தண்ணீர் கொடுத்த கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"பெண் மூலம் நிர்மூலம்னு சும்மாவா சொன்னாங்க. கையெழுத்துப் போட்டதுக்கே இப்படினா, தாலி ஏறுனா என்ன ஆவுமோ."

அந்தச் சொல் என் முதுகில் ஒட்டிக்கொண்டது. எந்தக் கதவு அடைத்தாலும் அதுதான் காரணமோ என்று நினைக்க ஆரம்பித்தேன்.

அந்த ஆடியில் பால்குடம் எடுக்கப் பெயர் கொடுக்க வந்தேன். நம் கோயில் செயலாளர் செண்பகம் அக்காவை உங்களுக்குத் தெரியும். மின்விசிறிக்கு அடியில் அந்தத் தடித்த புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அவர் எழுதினால் எழுதினதுதான். அவர் பேனாவை எடுத்ததும், "அக்கா, திருமதி லோகேஸ்வரி சரவணன்னு எழுதுங்க" என்றேன். ஒரு ஆசைதான். மாமனார் போன துக்கத்தில், அந்தக் குடும்பத்தோடு என் பெயரும் சேர்ந்திருக்கட்டும் என்று.

செண்பகம் அக்கா தலை நிமிரவில்லை. "தாலி ஏறட்டும். அப்புறம் எழுதறேன்."

"ரிஜிஸ்டர் பண்ணியாச்சுக்கா."

"அது கவர்மெண்டுக்கு. இது ஆத்தா புக்கு."

குமாரி லோகேஸ்வரி, தகப்பனார் பெயர் முனியாண்டி என்று எழுதினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அந்த வாரமே மாமியார், மகனைப் பார்க்கப் போக வேண்டும், துணைக்கு நீ வா என்றார். விசா பாரத்தில் திருமணமானவரா என்ற கேள்வி வந்தது. அம்மாவைக் கேட்டேன். "தாலியே ஏறல, அப்புறம் என்ன? இல்லனு போடு" என்றார். செண்பகம் அக்காவின் குரலும் காதில் இருந்தது. இல்லை என்று போட்டேன். பொய் சொல்கிறோம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. அந்த விசா கிடைக்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். மறு வருடம் ஆவணியில் இதே சன்னிதியில் எனக்குத் தாலி ஏறியது. ஒரு மாதம் சேர்ந்து வாழ்ந்தோம். பிறகு அவர் கனடாவுக்குத் திரும்பினார்.

கடிதத்தை அவருக்கு அனுப்பினேன். அன்று மாலை கூப்பிட்டார்.

"சிங்கிள்னு போட்டியா? அப்ப நான் யாரு உனக்கு?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அதன் பிறகு ஒன்பது நாள் அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் குளிக்கும்போது தாலிக் கயிற்றின் முடிச்சு தானாகத் தளர்ந்து கையோடு வந்தது. நானே திரும்ப முடிந்துகொண்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே புகை இன்னும் அடர்த்தியாக இருந்தது. மண்ணுக்கு அடியில் எரிவது எங்கே போய் வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது என்று தீயணைப்பு ஆள் ஒருவர் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குள்ளும் அப்படித்தான் எரிந்தது.

ரவாங்கில் விசா வேலை பார்க்கும் ஏஜெண்ட் ஒருவரிடம் போனேன். கடிதத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க போட்டதா சொல்லாதீங்க லா. வேற யாரோ பாரத்த நிரப்புனாங்க, கேக்காமலே போட்டுட்டாங்கனு சொல்லுங்க. அந்த ஆளு ஒரு லெட்டர் குடுத்தா போதும்."

என் சித்தப்பா மகன் பாஸ்கரனுக்குத் தஞ்சோங் காராங்கில் கைப்பேசிக் கடை. "அக்காவுக்காக இது கூட செய்ய மாட்டனா" என்று, தான் நிரப்பியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்த நல்ல பிள்ளையை நான் பொய் சாட்சி சொல்ல வைத்தேன். கீழே என் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

எந்தப் பத்திரமானாலும் ஆத்தா காலடியில் வைத்து எடுத்துத்தானே நமக்குப் பழக்கம்? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கோப்போடு வந்தேன். பூசாரி ஐயா தட்டில் வாங்கிக்கொண்டார். பெயர் சொன்னேன், மூலம், தனுசு ராசி என்றேன்.

"என்ன காரியமா தாயி வெக்கிற? சங்கல்பத்துல சொல்லணும்ல."

விசா காரியம் என்று சொல்லியிருக்கலாம். அதுகூட வாயில் வரவில்லை. ஆத்தாவின் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாகச் சிரிக்கிற முகம்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. உள்ளே இருப்பது பொய் என்று அவளுக்குத் தெரியும், அதை ஆசீர்வதி என்று அவளிடமே நீட்டுகிறேன்.

"வேணாம் ஐயா. குடுத்துடுங்க" என்றேன். அவர் கோப்பைத் தட்டோடு நீட்டினார். திருநீறும் கொடுத்தார்.

மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். அன்று நான் விசா கேட்கவில்லை. என் பிரார்த்தனை இதுதான். 'ஆத்தா, பொய் சொல்லாமல் இதிலிருந்து வெளியே வர ஒரு வழி காட்டு. வழி இல்லை என்றால் தாங்கிக்கொள்ளத் தெம்பு கொடு.' விம்மி விம்மி அழுதேன். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். பார்த்தால் செண்பகம் அக்கா. இவரிடமா அழுது காட்ட வேண்டும் என்று ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாஸ்கரன் கடிதம் வரைக்கும்.

அவர் திரும்பி அலுவலக அறைக்குப் போனார். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. திட்டுவதற்குத்தான் தெம்பு சேர்க்கிறார் என்று நினைத்தேன். இரண்டு பால்குடப் புத்தகங்களோடு வந்தார். பதிவு நடந்த வருடத்து ஆடி, அதற்கடுத்த ஆடி. இரண்டிலும் அவர் கையெழுத்தில், தேதியோடு, குமாரி லோகேஸ்வரி.

"ஏன்டி, நீ எங்க பொய் எழுதுன? நான் எழுதுனதத்தான நீயும் எழுதுன."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விரலை வைத்து மேலும் காட்டினார். பதிவு முடிந்து தாலி ஏறாமல் அந்த இரண்டு வருடத்தில் பால்குடம் எடுத்த இன்னும் நான்கு பெண்கள். எல்லோரும் குமாரி. ஒருத்தி சுங்கை சோவில் பல் மருத்துவர். படித்தவள் படிக்காதவள் என்று இல்லை, நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், அப்படித்தான் எழுதுகிறோம். அதற்கு என் அழுகையைத் தவிர வேறு சாட்சி இல்லை என்று நினைத்திருந்தேன். எந்தக் கை என்னை வரிசையில் அவமானப்படுத்தியது என்று இரண்டு வருடம் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேனோ, அந்தக் கைதான் எனக்கான சாட்சியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது.

வீட்டுக்குப் போய் முதல் வேலையாகப் பாஸ்கரனின் கடிதத்தைக் கிழித்தேன். என் கணவருக்குக் குரல் பதிவில் எல்லாம் சொன்னேன். பொய் எழுதப் பார்த்ததையும் சொன்னேன். பத்தாம் நாள் கூப்பிட்டார்.

"கடிதத்த பாத்ததும் கோவம். அப்புறம் பயம். போன எடுத்தா அழுதுருவேன்னு எடுக்கல. நீ உள்ளத எழுது லோகா. அஞ்சு வருஷம் தடைனா, நான் அங்க வந்துர்றேன். சுங்கை புரோங்ல நெல்லு மெசின் ரிப்பேர் பண்ணிப் பொழச்சுக்கலாம்."

அப்போதுதான் எனக்குள் எரிந்தது அணைந்தது. விசா வருவதற்கு முன்பே ஆத்தா எனக்குப் பதில் சொல்லிவிட்டாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் ஏஜெண்ட் சிரித்தார். "கோயில் புக்க பாத்து வெள்ளக்காரன் விசா குடுப்பானா?" என்று கைகழுவிவிட்டார். நாங்களே எழுதினோம். நான் தவறாக எழுதியது உண்மை, ஏமாற்ற எழுதவில்லை, எங்கள் வழக்கம் இது என்று. செண்பகம் அக்கா கோலசிலாங்கூரில் சத்தியப் பிரமாண அதிகாரி முன்னால் வந்து, புத்தகத்தில் குமாரி என்று எழுதியது தான்தான் என்று கையெழுத்துப் போட்டார். அந்த நான்கு பெண்களில் மூன்று பேர் தங்கள் பதிவுச் சான்றிதழின் நகலையும் கல்யாணப் பத்திரிகையையும் கொடுத்தார்கள். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது அனுப்பினோம்.

பிறகு பதினோரு வாரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி கடிதத்தைவிடப் பயங்கரமாக இருந்தது. மழை வந்து புகை அடங்கிய பிறகும் எனக்கு வாசம் போகவில்லை. கைப்பேசி மணி அடித்தால் பிள்ளைகள் முன்னாலேயே முகம் வெளிறும். அத்தைக்காரர் மறுபடியும் நட்சத்திரத்தை எடுத்தார். இந்தத் தடவை மாமியார் பதில் சொன்னாராம். "என் வீட்டுக்காரருக்கு முப்பது வருஷமா பிரஷர். மாத்திர போட மாட்டாரு. அதுக்கு இந்தப் பிள்ள என்ன பண்ணும்?" அதைக் கேட்டு அன்றைக்கும் அழுதேன்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகள் சோறு சாப்பிடும் நேரம் மின்னஞ்சல் வந்தது. திறக்கப் பயந்து ஒரு மணி நேரம் பையிலேயே வைத்திருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போன பிறகு திறந்தேன். விளக்கத்தை ஏற்றுக்கொண்டோம், விசா முத்திரைக்குக் கடப்பிதழை அனுப்பவும் என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். துடைக்காத மேசைமேல் தலையை வைத்து, ஆத்தா ஆத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் மாறிவிட்டேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். இப்போதும் மின்னஞ்சல் சத்தம் கேட்டால் திக்கென்கிறது. ஆனால் என் நட்சத்திரத்தைக் கண்டு பயப்படுவதை விட்டுவிட்டேன். பதிவு முடித்த தங்கைகளே, பாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், சட்டத்தின் நாளையும் சாமியின் நாளையும் இரண்டையும் எழுதுங்கள். கதவு அடைத்தால் ஆத்தாவிடம் வாருங்கள். ஆனால் அவள் காலடியில் வைக்கக் கூசுகிற காகிதத்தோடு மட்டும் வராதீர்கள். வெறுங்கையோடு வாருங்கள். உங்களுக்கு வேண்டியதை அவள் என்றைக்கோ எடுத்து வைத்திருப்பாள்.

போன வாரம் அவர் என்னை அழைத்துப்போக வந்துவிட்டார். இருவரும் பால்குடத்துக்குப் பெயர் கொடுக்க வந்தோம். வரிசை நீளமாக இருந்தது. என் முறை வந்தது. நான் பெயர் சொல்வதற்குள் பேனா புத்தகத்தில் இறங்கிவிட்டது. செண்பகம் அக்கா தலை நிமிரவில்லை. யாரையும் ஒன்றும் கேட்காமல், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

திருமதி லோகேஸ்வரி சரவணன்.

எழுதிவிட்டு, நான் படிப்பதற்காகப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.