அல்போன்சா போடாத கையெழுத்து

1986-ல் டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் பதினான்கு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. பதினான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு வேளாங்கண்ணி மாதா சுரூபம். ஜெபமாலை மாதமான அக்டோபரில் அது வீட்டுக்கு இரண்டு நாள் தங்கும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது மாதாவுக்குக் காரின் முன் சீட்டில் பெல்ட் போட்டுவிடுவார்கள். வீட்டுக்காரி பின்னால் சாம்பிராணித் தட்டோடு உட்கார வேண்டியதுதான். அந்த வருஷம் கடைசி முறை அல்போன்சா வீட்டுக்கு. கடைசி நாள் என்றால் பதினான்கு குடும்பமும் கூடும்.

அல்போன்சா தூத்துக்குடிக்காரி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. குழாயில் என்ன இருக்கிறதோ அதைத்தான் ரிப்போர்ட்டில் எழுதுவாள். பெரிய டாக்டர் முகம் சுளித்தாலும் ஓர் எண்ணை மாற்ற மாட்டாள். நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குப் படிப்பு ஆசை வந்தது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் செவ்வாய் தோறும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். ஐரோப்பாவில் திருச்சபை யாரையெல்லாம் விசுவாசம் தவறிய பதிதர் என்று தள்ளியது, எப்படி விசாரித்தது என்பதுதான் பாடம். 'இந்த வயதில் இது தேவையா' என்று கேட்காத ஆள் இல்லை. அவள் வகுப்புக்குத் தவறாமல் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுப்பதும் அவள்தான். ஆறு வருஷமாக, தன் வீட்டு காராஜில், மடக்கு நாற்காலி போட்டு. சகல புனிதர் திருநாளுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புனிதர் வேஷம் போட வேண்டும். ஏசுராஜின் பதினொரு வயது மகள் ரெஜினா, ஜோன் ஆஃப் ஆர்க் வேஷத்துக்கு அட்டையில் வாள் செய்து கொண்டுவந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா?

"ஆன்ட்டி, ஹூ பர்ன்ட் ஹெர்? த பேட் கைஸ்?"

அல்போன்சா உள்ளதைச் சொன்னாள். நெருப்பு வைத்தது இங்கிலீஷ்காரர்கள். ஆனால் அதற்கு முன் அவளை உட்கார வைத்து விசாரித்து, பதிதை என்று தீர்ப்பு எழுதிக் கைகழுவியது ஒரு பிஷப்பின் மன்றம். இருபத்தைந்து வருஷம் கழித்து அதே திருச்சபை அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் கழித்து அவளைப் புனிதையாக்கியது. எல்லாம் சொன்னாள்.

ரெஜினா அன்று சாப்பாட்டு மேஜையில் அப்பாவிடம் கேட்டாள், பிஷப் தப்பு செய்வாரா என்று. வந்தது வினை.

ஏசுராஜ் டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியர். ஜெபக் குழுவின் தலைவர். தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மறுநாள் மாலை டைப் அடித்த ஒரு தாளோடு வந்து நின்றார். 'பிள்ளைகளுக்குத் தவறான போதனை கொடுத்துவிட்டேன், வருந்துகிறேன், இனிப் புத்தகத்தில் உள்ளதை மட்டும் சொல்லுவேன்.' கீழே கையெழுத்துக்குக் கோடு.

"இதுல எது தவறு, தம்பி?" என்றாள் அல்போன்சா.

"அக்கா, நீங்க சொன்னது பொய்ன்னு நான் சொல்லல. என்சைக்ளோபீடியாவே எடுத்து செக் பண்ணிட்டேன்."

"அப்புறம் என்ன?"

"கிட்ஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லணுமா? இங்க வளருற பசங்க. இப்பவே மாஸுக்கு இழுத்துட்டுப் போக வேண்டியிருக்கு. பிஷப்பே தப்பு பண்ணுவார்னு தெரிஞ்சா, நாளைக்கு நம்ம பேச்சைக் கேக்குமா?"

"ஓ, பயம் பிஷப்புக்காக இல்ல. உங்களுக்காக."

ஏசுராஜின் முகம் சிவந்தது. "சைன் பண்ணாம மாதா உங்க வீட்டுக்கு வராதுக்கா. கமிட்டி டிசைட் பண்ணிருச்சு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது நம் ஊர்ப் பழமொழி. பூசாரி விமானம் ஏறி டெக்சாஸ் வந்தாலும் மாறுவதில்லை.

அவர் போனதும் கணவர் சவரிமுத்து மெதுவாகப் பேச்செடுத்தார். அவர் கோழை அல்ல, கணக்குப் பார்க்கிற மனிதர். "போட்டுத் தொலைச்சிரு அல்போன்சா. ஒரு கையெழுத்துதானே? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாரு வருவா? இந்தப் பதிமூணு வீட்டை விட்டா நமக்கு இங்க யாரு இருக்கா?"

அதுதான் அவளைக் குத்தியது. உண்மை. போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது முதலில் கார் எடுத்து வந்தவர் அந்த ஏசுராஜ்தான். அவர் மனைவி ஜெயகுமாரி ஒரு வாரம் ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். இந்தச் சனங்களை இழந்தால் ரிச்சர்ட்சனில் அவர்கள் இரண்டு பேர், ஒரு காராஜ், பன்னிரண்டு மடக்கு நாற்காலி. அல்போன்சா பேனாவை எடுத்தாள். மூடியையும் திறந்தாள்.

அந்தப் பிரெஞ்சுப் பெண் ஜோனும் 'நான் சொன்னது தவறு' என்ற ஒரு தாளில் குறி போட்டவள்தான். மன்றத்தார் வாசித்துக் காட்டினார்கள், நெருப்புக்குப் பயந்தாள், போட்டாள். நான்கே நாளில், பயத்தில் போட்டேன், அது பொய் என்று சொல்லிவிட்டாள். அதற்குத்தான் எரித்தார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இருந்த தைரியம் தனக்கு இல்லையா என்று அல்போன்சாவுக்கு வெட்கம் வந்தது. தன்னை இங்கே யாரும் எரிக்கப் போவதில்லை. ஜெபம் முடிந்து கொடுக்கும் சுண்டலுக்குக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்லுதாங்க. எனக்கு வராது," என்று பேனாவை மூடினாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கடைசி நாளுக்கு மாதா ஏசுராஜ் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கூட்டமும் அங்கேதான். வராதே என்று யாரும் அல்போன்சாவிடம் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் பட்டுப்புடவை கட்டினாள். சவரிமுத்து தயங்கித் தயங்கி கார் சாவியை எடுத்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேரே போய் சுரூபத்துக்கு முன்னால், முதல் வரிசைக் கம்பளத்தில் உட்கார்ந்தாள்.

ஜெபமாலையில் ஐந்து பத்துகள்; ஒவ்வொரு பத்திலும் பத்து மணிகள், மணிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். பத்துக்கு ஒருவர் முன்சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். யார் யார் என்று ஏசுராஜ் எழுதி வைத்திருந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. மூன்று பத்துகள் முடிந்தன. நான்காவதுக்கு ஜெயகுமாரி தொண்டையைச் செருமுவதற்குள் அல்போன்சா கைப்பையைத் திறந்து தாளை எடுத்தாள். கோடு வெறுமையாக இருந்தது. அதைச் சுரூபத்தின் காலடியில் வைத்தாள்.

"நான் பிள்ளைகளுக்குச் சொன்னது நடந்தது. நடந்ததுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்," என்றாள். மூச்சு விடாமல் தொடர்ந்தாள்: "அருள் நிறைந்த மரியே வாழ்க..."

தன் பாதியை நிதானமாகச் சொல்லி முடித்தாள். யாரும் பின்பாதியைத் தொடங்கவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி.

ஆனால் பாதி ஜெபத்தை அந்தரத்தில் விட எந்தக் கத்தோலிக்க நாக்கும் சம்மதிக்காது. பிறந்ததிலிருந்து பழகியது. "புனித மரியே, இறைவனின் தாயே" என்று முதலில் முணுமுணுத்தார் சவரிமுத்து. அடுத்த மணிக்கு ஜெயகுமாரி. மூன்றாவது மணிக்குள் வீடு முழுக்க முழங்கியது. வாயை இறுக்கிக்கொண்டிருந்த ஏசுராஜுக்கும் ஆறாவது மணியில் உதடு அசைந்துவிட்டது.

பத்தும் முடிந்தது. அல்போன்சா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அஞ்சாவது பத்து நீங்க சொல்லுங்க, தம்பி."

ஏசுராஜ் பட்டியலைப் பார்த்தார். அதில் வேறு பெயர் இருந்தது. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் சொல்லத் தொடங்கினார்.