‘சன் ஆஃப்’ எழுதிய காகிதம்

முத்திரை மையின் வாசனையும், நனைந்த சாக்கின் வாசனையும், பக்கத்து ஃபேக்டரியில் வாடும் தேயிலையின் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றும் என் கை தானாகச் சட்டைப் பையில் காகிதத்தைத் தேடும். எங்கள் எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றால் வரும் வாசனை அது. தேவாலாப் பக்கம் மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் சாக்கை மூலை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் ‘கொங்காடை’யோடு அந்த ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள், உள்ளே, நனையாத மேசைக்குப் பின்னால், கிளார்க் உட்கார்ந்து காகிதங்களின் மேல் முத்திரை குத்திக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தின் மிகச் சிறிய சொற்களில் ஒன்றை அந்த ஜன்னலில்தான் பகையாளியாகச் சந்தித்தேன். அந்தச் சொல் ‘ஆஃப்’.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எஸ்டேட் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் ‘ஆஃப்’ என்பதற்குச் சொன்ன பொருள் ‘உடைய’. ‘லெக் ஆஃப் த டேபிள்’ என்றால் மேசையினுடைய கால், ‘டெயில் ஆஃப் த டாக்’ என்றால் நாயினுடைய வால் என்று பாட்டுப் போல எங்களைக் கத்தவிட்டு, அவர் வாசலில் நின்று பீடி குடிப்பார். கால் மேசையை விட்டுப் போகாது, வால் நாயை விட்டுப் போகாது, ஆகவே எது எதை விட்டுத் தப்ப முடியாதோ அதற்கு நடுவில் போடுகிற சொல் இது என்று நான் எனக்குள் முடிவு செய்துகொண்டேன். எங்கள் பேச்சில் என்னுடையது என்பதை ‘எம்பட’ என்போம். எம்பட ஊடு, எம்பட எருமை, எம்பட பையன். அதைச் சொல்லும்போது ஆள் எதிரே நிற்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், எதிராளி மறுத்தால் சண்டை போட வேண்டும். ‘ஆஃப்’ அப்படியில்லை. ஆளே இல்லாமல் காகிதத்தில் உட்கார்ந்துகொண்டு உரிமை கொண்டாடும்.

தமிழில் அச்சடித்த விண்ணப்பப் பாரங்களில் த/பெ என்று இருக்கும். தந்தை பெயர் என்ன என்று கேட்பதோடு அது நின்றுகொள்ளும். ஆங்கிலப் பாரத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து, ஒரு சாய்கோடு, இன்னொரு எழுத்து. ‘சன் ஆஃப்’. இன்னாருடைய மகன். அம்மாவின் வேலைச் சீட்டிலும் அதே சாய்கோடு, இன்னாருடைய மனைவி. அந்த இன்னார் எங்களை விட்டுப் போய் அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், சோலூரில் காய்கறி ஏற்றப் போன இடத்தில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே குத்தகை நிலத்தில் காரட் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயரை, எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். இந்தக் கட்டுரையிலும் நான் அதை எழுதப்போவதில்லை.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கூடலூரில் விடுதியோடு கூடிய பள்ளி ஒன்றில் எனக்கு இடம் இருப்பதாகத் தகவல் வந்தது. எங்கள் லைனிலிருந்து அதுவரை யாரும் ஆறாம் வகுப்புக்குப் போனதில்லை. அம்மா எனக்கு ஒரு தகரப் பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள். பாரத்தை எஸ்டேட் ஆபீசில் சரிபார்த்து முத்திரை குத்தி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அம்மா கொங்காடையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பாரத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

கிளார்க் மேலும் கீழும் பார்த்தார். “அப்பன் பேரு எங்கே? அப்பன் கையெழுத்து எங்கே?”

“அந்தாளு இல்லீங்க. எம்பட பேரப் போட்டுக்கங்க. பெத்தது நானுங்க, கஞ்சி ஊத்தறதும் நானுங்க.”

“இந்தா மயிலாத்தா, பையன் என்ன கொய்யா மரத்துலயா காய்ச்சான்?” என்று அவர் உள்ளே இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். வரிசையில் நின்ற பெண்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். “சன் ஆப்னு போட்டிருக்குது பாரு. அந்த எடத்துல பொம்பளை பேர எழுதினா கூடலூர்ல தூக்கி வீசிருவாங்க. நாளன்னிக்கு காயிதம் இங்கிருந்து போகோணும். அதுக்குள்ள கையெழுத்தோட வா. இல்லாட்டி இவனையும் கூட்டிட்டுக் கொழுந்துக்குப் போ.”

சட்டத்தில் அப்படி இருந்ததா, அவர் தலையில் அப்படி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இருக்கவில்லை. எனக்கோ வாத்தியாரிடம் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கவே வாய் வராது.

மறுநாள் அம்மா லீவு போட்டாள். கூடலூர் போய், ஊட்டி பஸ் ஏறி, வழியில் இறங்கி, சோலூருக்கு வேறு பஸ் பிடித்தோம்.  அம்மா பாரத்தை உர மூட்டையின் பிளாஸ்டிக் உறையான உரத்தாளில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாங்கள் போன அன்று அங்கே காரட் லோடு ஏற்றும் நாள். வீட்டுக்கு முன்னால் சிமெண்ட் தொட்டி, பக்கத்தில் மண்ணோடு மூட்டை மூட்டையாகக் காரட். அவர் லாரிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“அடேங்கப்பா, மயிலாத்தாளா! மகாராணி பஸ் ஏறி வந்திருக்கறாங்க. என்ன வேணுமாம்?”

அம்மா பாரத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னாள்.

“எம்பட பேர ஊட்டுக்குள்ள சொன்னா நாக்கு அழுகிப் போகும்னு ஊரெல்லாம் சொன்னவ நீதானே? இப்ப எழுதி வேணுமாக்கும்?” அவர் பாரத்தை வாங்கவில்லை. தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். “இன்னிக்கு ரெண்டு ஆளு வரல. வந்தது வந்துட்ட, அந்த நாலு மூட்டையக் கழுவிக் குடு. அப்புறம் பாக்கலாம்.”

அம்மா திரும்பி நடந்துவிடுவாள் என்று நினைத்தேன். நடந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். சோலூர்த் தண்ணீர் தேவாலாத் தண்ணீர் மாதிரி இல்லை, விரலைக் கடிக்கும். நான்கு மூட்டைக் காரட்டையும் அவள் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். அவரோடு அங்கே இருந்த பெண் ஒருமுறை வெளியே வந்து, “அக்கா, டீ குடிங்க” என்று தம்ளரை வைத்தாள்; அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்தாள். ஓரமாக நின்ற என்னைப் பார்த்து அவர், “ஏண்டா, வாயே இல்லியா உனக்கு? உங்கம்மா நாக்க அறுத்து அடுப்புல போட்டுட்டாளா?” என்று கேட்டார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி மூட்டை முடிந்த பிறகு, சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து, ‘சன் ஆஃப்’ என்ற இடத்தில் தன் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். “இந்தா. எம்பட பையன்னு இப்பக் கவருமெண்டு காயிதத்துலயே இருக்குது. இனி பள்ளிக்கூடம் லீவு உட்டா நேரா இங்கதான் வரோணும், காரட்டுப் புடுங்கறதுக்கு. என்ன, கேட்டுச்சா?”

அம்மா, “சரிங்க” என்றாள்.

அந்த ஆளை அம்மா ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். மடியில் கிடந்த கைகள் சிவந்து வீங்கி, வேறு யாருடைய கைகளோ போல இருந்தன. பாரம் இப்போது என்னிடம் இருந்தது. வெளியே நல்ல மழை. நான் கட்டைவிரலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நனைத்து, அந்தப் பெயரின் மேல் வைத்துத் தேய்த்தேன். மை கலங்கியது. மறுபடி நனைத்துத் தேய்த்தேன். பிறகு கையெழுத்தின் மேல் தேய்த்தேன். காகிதம் திரிதிரியாகி ஓட்டை விழும்வரை தேய்த்துவிட்டு, பழையபடி உரத்தாளில் சுற்றிவைத்தேன். நாயின் வாலும் மேசையின் காலும் மனதில் ஓடியது உண்மைதான்; இனி அந்த ஆளை விட்டுத் தப்ப முடியாது என்ற பயம் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அந்த ‘சரிங்க’. அதைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட முடியும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் துணிந்து செய்த முதல் காரியம் அதுதான்.

மறுநாள் ஆபீஸ் ஜன்னலில் அம்மா உரத்தாளைப் பிரித்துப் பாரத்தை நீட்டியபோதுதான் அவளும் பார்த்தாள்.

“என்ன இது, ஆட்டுக்குட்டி மென்னு துப்புனாப்பல?” என்றார் கிளார்க். “மழையில நனைச்சீங்களா, இல்ல அப்பனும் மகனும் கட்டிப் புடிச்சு அழுதீங்களா?”

அம்மா பாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நீலமாக இருந்தது. அவள் அந்த விரலைத் தன் உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு, “மழைதானுங்க” என்றாள்.

வேறு பாரம் இல்லை என்று கிளார்க் சொல்லிவிட்டார். இருந்திருந்தாலும் சோலூர் போய்வர அந்த ஒரு நாளில் நேரமில்லை. ஆபீசுக்குப் பின்னால் வேலி ஓரம் கூட்டிப் போய் அம்மா என்னை அடித்தாள். கையால் அடித்தாள், கொங்காடையால் அடித்தாள். ஏன் செய்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அடித்து முடித்து, “போ, களை வெட்டப் போ” என்றாள். போனேன். களை வெட்டினேன், தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டினேன், பிறகு ஃபேக்டரியில் இலை கொட்டும் வேலைக்கு வந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

இந்த ஐப்பசியில் என் மகளுக்கு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போடக் கூடலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். மகள் எனக்கு ஆங்கிலம் சொல்லித் தருவதில் ஆசை உள்ளவள். “ஆஃப்னா உடைய மட்டும் இல்லப்பா. கப் ஆஃப் டீன்னு சொல்றமே, டீ என்ன கப்புக்குச் சொந்தமா? குடிச்சுட்டா கப்பு காலி. ரெண்டும் சேந்து இருக்குது, அவ்வளவுதான்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை அன்றைக்கு எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று வாத்தியார் மேல் புதிதாகக் கோபம் வந்தது. திரையில் இருந்த விண்ணப்பத்தில் அந்தச் சாய்கோடும் இல்லை. தாய், தந்தை, காப்பாளர், இவர்களில் யாராவது ஒருவர் பெயர் போதும் என்று இருந்தது. எஸ்டேட் ஆபீஸ் இப்போது உர மூட்டை போடும் அறை. கிளார்க் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியாது. சோலூர்க்காரர் செத்த செய்தி வந்தபோது நான் போகவில்லை. என்னை அலைக்கழித்தவை எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். இந்தக் காலத்தில் தாய் பெயர் மட்டும் போட்டாலே போதுமாம், அன்றைக்கே இப்படி இருந்திருந்தால் அந்த ஆள் பெயரைத் தேடி நாம் போயிருக்க வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையைத் தடவிக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஆளு பேரு எனக்கு ஆகாததுதான்” என்றாள். “ஆனா அன்னிக்கு அது சும்மா வந்த பேரு இல்லடா. நாலு மூட்டை காரட்டுக் கழுவி வாங்குனேன். அவன் எழுதினாலும் அது எம்பட பேரு. எம்படதத்தான் நீ அழிச்சுப் போட்ட.”