ஒரு மண்டலப் பத்தியம்

1. நாள் தள்ளிப்போனது

“நாள் தள்ளிப் போயிருக்கு சிஸ்டர்” என்று மலர்க்கொடி சொன்னதும் ஊசி ட்ரேயைக் கவுன்டரில் வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எங்கள் சீன வைத்திய சென்டரில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எல்லாரும் காத்துக் கிடப்போம். முதுகு வலி, முட்டி வலி என்று எத்தனை பேர் வந்து குணமாகிப் போனாலும் அது வேறு கணக்கு. குழந்தைக்காக மாதக்கணக்கில் ஊசி குத்திக்கொண்ட ஒருத்தி நாள் தள்ளியிருக்கு என்று வந்து நின்றால், யாரையும் பார்த்துச் சிரிக்காத எங்கள் மேனேஜர்கூட எழுந்து வந்து சிரிப்பார்.

ஆனால் மலர்க்கொடி சிரிக்கவில்லை. “அதெல்லாம் இருக்காது சிஸ்டர்” என்றாள்.

“ஏன் பிள்ளே இருக்காது? வாய நல்லதுக்குத் திற. டெஸ்ட் பண்ணிப் பாப்போம்.”

“இருக்காது சிஸ்டர். எனக்குத் தெரியும்.”

நான் கேட்கவில்லை. கையில் டப்பாவைக் கொடுத்து பாத்ரூமுக்கு அனுப்பினேன். ஒரு கோடுதான் வந்தது, உண்டாகவில்லை.

2. நான் இங்கே வந்த கதை

நர்ஸாகப் புதிதாக கல்ஃபுக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன், அதனால் என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் ஸ்டெல்லா. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் தோஹாவில் ஒரு பாலிகிளினிக்கில் நின்று நின்று கால் வீங்கிப் போயிருந்தேன். அதே ஊரில் நஜ்மா ஏரியாவில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சீன வைத்திய சென்டர் திறக்கிறார்கள், உட்கார்ந்து செய்கிற வேலை என்று யாரோ சொன்னதை நம்பி மாறினேன். உட்கார்ந்தேன், போங்கள்!

என் மாப்பிள்ளை சவுதியில் ஜுபைலில் ஒரு பிளான்ட்டில் டெக்னீஷியன். பிள்ளைகள் இரண்டும் நாகர்கோவிலில் ஹாஸ்டலில். அவருக்கு லீவ் கிடைக்கிற மாதம் எனக்குக் கிடைக்காது. எனக்குக் கிடைக்கும்போது அவருக்கு பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் டூட்டி. அது எங்களுக்குப் பழகிவிட்டது.

சென்டரில் வைத்தியம் பார்த்தவர் டாக்டர் லின். ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. அரைகுறை ஆங்கிலம் பேசுவார். வந்தவளின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், பிறகு கேள்வி ஆரம்பிக்கும். மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை, என்ன நிறம், கட்டி விழுகிறதா, கை கால் சில்லென்று இருக்குமா, தூக்கம் வருமா. நான்தான் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் எனக்குத் தெரிந்த ஹிந்தியிலும் கேட்க வேண்டும். பாதிக் கேள்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷன் பதில் சொல்வான். “அவளுக்கு அந்த மாதிரிப் பிரச்சினை எதுவும் கிடையாது சிஸ்டர்” என்பான். உனக்கு எப்படி ஐயா தெரியும் என்று கேட்க நாக்கு துருதுருக்கும். அடக்கிக்கொள்வேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை அடக்கினால் சாயங்காலம் தலைவலி வந்துவிடும்.

3. சூடும் குளிர்ச்சியும்

மலர்க்கொடிக்குப் பரமக்குடிப் பக்கம். புருஷன் முருகேசன் ஏ.சி. டெக்னீஷியன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் இங்கே, அவள் அங்கே. இரண்டு வருடத்துக்கு ஒரு லீவில் போய் வருவான். அந்த லீவிலும் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்து. பிள்ளை இல்லை என்று ஊர் வாய் மட்டும் ஓயவில்லை. கடைசியில் அரபாப், அதான் முதலாளி, கையைக் காலைப் பிடித்து மூன்று மாத விசிட் விசா எடுத்து அவளை வரவழைத்தான். ஒரு வில்லாவில் பலகைத் தடுப்பு போட்ட ரூம் ஒன்று பிடித்தான். மூன்று மாதம் முடிவதற்குள் உண்டாக வேண்டும், இல்லாவிட்டால் என் மாமியார் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார் என்று முதல் நாளே மலர்க்கொடி என்னிடம் சொல்லி அழுதாள்.

டாக்டர் லின் நாடி பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் குளிர்ச்சி ஏறியிருக்கிறது என்றார். மலர்க்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஊர்ல எல்லாரும் சூடுன்னாக சிஸ்டர். இளநீ, வெந்தயம்னு வருசக்கணக்கா குடிச்சேன். இவுக குளிர்ச்சிங்கிறாக!”

“இவங்க வைத்தியத்துல அப்படித்தான். ஐஸ் தண்ணி குடிக்கக் கூடாது, பச்சையா சாலட் தின்னக் கூடாது, ராத்திரி வெந்நீர்ல கால வைக்கணும். அவ்வளவுதான்.”

“வேற பத்தியம்?”

நான் டாக்டரிடம் கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். தைராய்டுக்கு ஊரில் கொடுத்த மாத்திரை சாப்பிடுவதாக மலர்க்கொடி சொன்னாள். அதை விடாமல் சாப்பிடு என்றார் டாக்டர். நான் இரண்டு தரம் தமிழில் சொன்னேன், அவளும் சரி என்றாள்.

பிறகு வாரம் இரண்டு நாள் வருவாள். அடிவயிற்றிலும் காலிலும் மெல்லிய அக்குபங்சர் ஊசி. தொப்புளுக்குக் கீழே மூலிகைச் சுருளைக் கொளுத்திச் சூடு காட்டுவோம். அந்தப் புகை என் யூனிஃபார்மில் ஏறி வீடு வரைக்கும் வரும். வேர், பட்டை, காய்ந்த பழம் என்று ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவோம். அவள் அதை வில்லாவின் பொதுக் கிச்சனில் கொதிக்கவைக்க, பக்கத்து ரூம்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வருவார்களாம். “பாம்பப் போட்டு வேகவைக்கிறியான்னு கேக்குறாக சிஸ்டர்” என்று சொல்லிச் சிரிப்பாள். போகப் போக அந்தச் சிரிப்பு குறைந்தது. முகம் ஊதிக்கொண்டே வந்தது. எப்போது பார்த்தாலும் கொட்டாவி. புது ஊர், தூக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம்.

4. முருகேசன் படுத்த இடம்

அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் லின் அவளை உட்காரவைத்து மறுபடி நாடி பார்த்தார். நாக்கைப் பார்த்தார். தடித்து, ஓரமெல்லாம் பல் பதிந்திருந்தது. “மாத்திரை?” என்று என்னைப் பார்த்தார். நான் மலர்க்கொடியைப் பார்த்தேன்.

“நிறுத்திட்டேன் சிஸ்டர்.”

“என்னது? யாரு நிறுத்தச் சொன்னா?”

“அத்தைதான் போன்ல சொன்னாக. மூலிகைக் கசாயம் குடிக்கையில இங்கிலீஸ் மாத்திரை ஆகாதாம். ஒரு மண்டலம் பத்தியமா இருந்து மருந்து உடம்புல ஊறணுமாம். புளி, மீனு, கருவாடு எல்லாத்தையும் விட்டுட்டேன்.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அவுகளையும் கிட்டச் சேக்கக் கூடாதுன்னாக. அவுக கம்பெனி கேம்ப்லதான் படுத்துக்கிறாக.”

“எப்போலேருந்து?”

“மருந்து ஆரம்பிச்ச அன்னையிலேருந்து.”

எனக்கு அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. பிள்ளை வேண்டும் என்று கடல் கடந்து வந்தவள் தடுப்பு ரூமில் தனியாகப் படுத்திருக்கிறாள். ரூமுக்கு வாடகை கட்டுகிறவன் இண்டஸ்ட்ரியல் ஏரியா கேம்பில் இரண்டடுக்குக் கட்டிலில் படுத்திருக்கிறான். விசாவில் பாதி போய்விட்டது. சண்டாளக் காரியம்!

இதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. டாக்டர் லின் முதலில் புரியாமல் முழித்தார். புரிந்ததும் மேஜையைத் தட்டிக் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, “அவனைக் கூப்பிடு” என்றார்.

முருகேசன் மறுநாள் மத்தியானம் வேலைக்குப் போடும் கவரால் உடுப்போடு வந்தான். எங்கள் சுத்தமான ரூமில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நின்றான். ஏன் கேம்பில் படுக்கிறாய் என்று டாக்டர் கேட்கச் சொன்னார். என் வாழ்நாளில் எத்தனையோ கேட்டிருக்கிறேன், ஒரு வளர்ந்த ஆம்பிளையிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டேன்.

“பக்கத்துல இருந்தா மனசு கேக்காதுங்க சிஸ்டர். மருந்து கெட்டுப் போயிருச்சுன்னா எல்லாம் வீணாயிரும்ல? அதான் வெள்ளிக்கிழமை மட்டும் காய்கறி வாங்கிக் குடுத்துட்டு வந்துருவேன்.”

மலர்க்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவி மனுஷன், எவ்வளவு கண்ணியமாக இருந்திருக்கிறான்! எனக்கு வந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. டாக்டர் லின் அவன் கையை வாங்கி நாடி பார்த்தார். இவனும் களைத்துப் போயிருக்கிறான், வீட்டுக்கு வந்து தூங்கச் சொல் என்றார். நான் சொன்னேன். அவன் காது வரைக்கும் சிவந்துபோனான்.

அங்கேயே ஊருக்கு போன் போட வைத்தேன். அவன் அம்மாவிடம் இழுத்து இழுத்துப் பேசினான். எதிர்முனைச் சத்தம் எனக்கே கேட்டது. “சீனாக்காரிக்குப் பத்தியத்தப் பத்தி என்னடா தெரியும்?” போனை வாங்கினேன்.

“அம்மா, நர்ஸ் பேசுதேன். உங்க மருமக தைராய்டு மாத்திரைய நிறுத்தினதுலதான் நாளே நின்னு போச்சு. உங்க மகன் கேம்ப்ல படுத்துக் கிடக்காரு. பேரப்பிள்ளை எங்கேருந்தும்மா வரும்?”



“நல்லதுக்குத்தான் தாயி சொன்னேன்” என்று அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். திட்டத் தயாராக இருந்த நான் அவரைத் தேற்றும்படி ஆகிவிட்டது.

5. லீவ் மாஃபி

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, லேடி டாக்டரிடம் அனுப்பி ரத்தப் பரிசோதனையும் செய்தோம். முருகேசன் ரூமுக்கு வந்துவிட்டான். ஆனால் தைராய்டு நம் அவசரத்துக்கா இறங்கும்? விசா முடியும் தறுவாயில்தான் நாள் ஒழுங்கானது. நீட்டிக்கக் கேட்டதற்கு ஆபீஸில் கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டார்களாம்.

கடைசியாக வந்த அன்று மலர்க்கொடி கசாயம் காய்ச்சிய சட்டியைத் தேய்த்துக் கழுவி என்னிடம் கொடுத்தாள். “வெறுங்கையோட போறேன் சிஸ்டர்” என்றாள். டாக்டர் லின் அவளுக்கு நிறையப் பொட்டலம் கட்டிக்கொடுத்தார். கட்டிக்கொண்டே என்னிடம், “மருந்தைக் கட்டி அனுப்பிவிடலாம். புருஷனை எப்படிக் கட்டி அனுப்புவது?” என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் முருகேசனுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரிந்திருந்தது.

அவன் கம்பெனியில் லீவ் கேட்டான். வருட லீவ் வரவில்லை, எமர்ஜென்சி லீவ் என்றால் ஊரில் யாராவது செத்திருக்க வேண்டும். “பொறக்கறதுக்கு லீவ் மாஃபியாம் சிஸ்டர், சாவுக்குத்தான் குடுப்பாங்களாம்” என்று வந்து சொன்னான். அரபியில் மாஃபி என்றால் இல்லை. கொஞ்ச மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு விசாவை கேன்சல் அடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டான். பைத்தியக்காரன், நல்ல வேலையை விட்டுட்டான் என்று கேம்பில் எல்லாரும் பேசினார்களாம். நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

6. அவள் கேட்டது

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு காலையில் சென்டர் போனில் மலர்க்கொடி. பின்னால் குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம். பெண் குழந்தை. முருகேசன் பரமக்குடியில் ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை போட்டிருக்கிறானாம். மாமியார் குழந்தையைக் கீழேயே விடுவதில்லையாம்.

சீன மருந்தா, தைராய்டு மாத்திரையா, எது பலித்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். டாக்டர் லின்னிடம் கேட்டால் சிரிப்பார். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்காக வருகிறவளிடம், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்றும், இரண்டு பேரும் சேர்ந்துதான் இருக்கிறீர்களா என்றும் முதலில் கேளுங்கள். ஒரு முறை இல்லை, ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வெட்கம் பார்க்காதீர்கள். மலர்க்கொடிக்குப் பிறகு நான் ஒருத்தியையும் கேட்காமல் விட்டதில்லை.

போனை வைக்கப் போகும்போது அவள் கேட்டாள்.

“நீங்க எப்படி இருக்கீங்க சிஸ்டர்? உங்க வீட்டுக்காரு வந்துட்டாகளா? சேந்து இருக்கீகளா?”

டூட்டி நேரம் ஆச்சு பிள்ளே, பிறகு பேசுதேன் என்று வைத்துவிட்டேன். அன்று வந்த முதல் இரண்டு பேஷன்ட்டிடம் என்ன கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. மத்தியானம் சாப்பிடாமல் படிக்கட்டில் உட்கார்ந்து ஜுபைலுக்கு போன் போட்டேன்.

“இஞ்ச பாருங்க, அடுத்த லீவு எந்தத் தேதி போடுதீங்க? நானும் அதே தேதிக்குப் போடுதேன். தரலன்னா கேன்சல் பண்ணிட்டு வந்துருதேன்.”

“என்ன பிள்ளே திடீர்னு? ஊர்ல யாருக்கும் எதுவும் ஆச்சா?”

“ஒண்ணும் ஆகல” என்றேன். “பத்தியம் முடிஞ்சாச்சு.”