நீராவிக் கூடத்தில் ஸ்வெட்டர்

எங்கள் சலவைக்கூடத்துக்கு முதன்முறை வருகிறவர்கள் வாசலைத் தாண்டியதுமே கைக்குட்டையைத் தேடுவார்கள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புவது எங்கள் வேலை. கூடத்தின் நடுவில் ரோலர் இருக்கிறது. கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்பு உருளை, உள்ளே நீராவி. இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, ஈர விரிப்பை இழுத்து அதற்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது அப்பளம் மாதிரி வெளியே வரும். அங்கே நின்று மடித்து அடுக்குவது நான்.

ரோலரின் இடது முனையில் என் அண்ணி. வலது முனையில் நெட்டையக்கா. கூடத்து வாசலில் குனிந்துதான் நுழைவாள் என்பதால் அந்தப் பெயர். அண்ணிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, எக்ஸ்பிரஸ். விரிப்பின் நுனியை உதறிப் பிடிப்பதும் உள்ளே கொடுப்பதும் அடுத்ததற்குக் கை போவதும் ஒரே அசைவாக இருக்கும். மடிக்கிற எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

அந்த அண்ணி ஒரு நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். நாங்கள் எல்லாம் வியர்வையில் நனைந்துகொண்டிருக்க, அவர் மட்டும் கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அதன்பின் ஒவ்வொன்றாக மாறியது. முகம் உப்பியது. தலைமுடி சீப்போடு வந்தது. குரல் கட்டி, போனில் பேசினால் அண்ணன் பேசுகிறானா அண்ணி பேசுகிறாரா என்று குழம்பும் அளவுக்கு ஆனது. நான் விரிப்புக்காகக் காத்து நிற்கத் தொடங்கினேன்.

"என்ன எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் ஆயிட்டீங்க போல?" என்று உலர்த்தும் பக்கத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

"சிக்னல் விழலைப்பா" என்றார் அண்ணி, அந்தக் கட்டைக் குரலில். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டில் சிரிப்பு இல்லை. "படுத்தா எழுந்திரிக்க மாட்டேங்குறா, எதைச் சொன்னாலும் மறந்துடுறா" என்று அண்ணன் என்னிடம் குறைப்பட்டான். வயசு, அலுப்பு, மகள் கல்யாணமாகிப் போன ஏக்கம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம்.

ஒரு மதியம், விரிப்பின் நுனி முறுக்கிக்கொண்டு உள்ளே போனது. அண்ணியின் ஸ்வெட்டர் கையும் அதோடு சேர்ந்து போனது. அவர் கையை இழுக்கவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல பார்த்துக்கொண்டு நின்றார். ரோலருக்கு முன்னால் ஒரு சிவப்புக் கம்பி உண்டு. அழுத்தினால் மெஷின் நின்றுவிடும். நெட்டையக்கா முழங்காலால் அதை ஓங்கி இடித்தாள். கம்பளி கருகிய வாடைதான் வந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாங்கள் தண்ணீர் கொண்டு ஓடினோம். அண்ணி அதை வாங்கிக் குடித்துவிட்டு நேரே சூப்பர்வைசரிடம் போனார்.

"சார், என்னை இனிமே ரோலர்ல நிக்க வைக்காதீங்க."

"பயந்துட்டீங்களாம்மா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க."

"பயமில்ல சார். கண்ணு பாத்துச்சு. ஆனா கைய இழுக்கணும்னு தோணவே நேரமாச்சு. எனக்கு எதிர்ல ஒருத்தி நிக்கிறா. அவ கைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? எனக்கு என்னன்னு தெரியிற வரைக்கும் அழுக்குத்துணி பிரிக்கிற இடத்துல போடுங்க."

அழுக்குத்துணி பிரிப்பது எங்களில் யாரும் கேட்டு வாங்குகிற வேலை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களையும் சூப்பர்வைசரிடம் வாய் கொடுத்தவர்களையும்தான் அங்கே தள்ளுவார்கள். அண்ணி தானாகக் கேட்டு, கையுறை மாட்டிக்கொண்டு போய் நின்றார்.

அந்த வாரமே டாக்டரம்மாவிடம் போனோம். அவர் அண்ணியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், இமை வீக்கத்தைப் பார்த்தார், சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேல் தட்டிப் பார்த்தார். பாதம் சாவகாசமாகத் துள்ளி, அதைவிடச் சாவகாசமாக இறங்கியது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

முடிவை வாங்கி வந்த அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தான். டி.எஸ்.ஹெச். என்ற வரி தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. "தைராய்டு எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. அதான் உடம்பும் ஏறுது. இறக்குறதுக்கு வழி பாக்கணும்" என்றான்.

அண்ணி தாளை வாங்கி மெல்லப் படித்தார். "கீழ டி4னு ஒண்ணு இருக்கே, அது இறங்கியிருக்கு. ஒண்ணு ஏறியிருக்கு, ஒண்ணு இறங்கியிருக்கு. நாமளா ஏன் முடிவு கட்டணும்? கேட்டுட்டு வருவோம்."

டாக்டரம்மா பேனாவால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "டி.எஸ்.ஹெச். தைராய்டு சுரக்கிறது இல்லம்மா. மூளைக்கு அடியில இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி, தைராய்டைப் பாத்து 'வேலை செய், வேலை செய்'னு அனுப்புற உத்தரவு. தைராய்டு சுரக்கிறது இந்த டி4. அது உங்களுக்குக் குறைஞ்சு போச்சு. அதனாலதான் உத்தரவு இவ்வளவு கூடியிருக்கு."

அண்ணி தாளில் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டார். "எங்க சூப்பர்வைசர் மாதிரியா? அவர் சத்தம் கூடுதுன்னா வேலை ஜோரா நடக்குதுன்னு அர்த்தம் இல்ல. நடக்கலைன்னு அர்த்தம்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான். குறையுற வேலைய நாம மாத்திரையா குடுத்துட்டா, அவர் தானா அடங்கிடுவார்."

"ரொம்ப அடங்கிட்டா நல்லதுதானே?" என்று கேட்டான் அண்ணன்.

"அதுவும் தப்பு. மாத்திரை அதிகமாப் போச்சுன்னு அர்த்தம். படபடப்பு வரும், தூக்கம் கெடும். அதனாலதான் ஆறு வாரம், எட்டு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாத்து அளவை மாத்துறது."

மறுநாளே எக்ஸ்பிரஸ் கிளம்பிவிடும் என்று நான் நினைத்தேன். கிளம்பவில்லை. அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். பேருக்குத்தான் இறங்கியிருந்தது. "மாத்திரையே சரியில்ல" என்று அண்ணன் முணுமுணுத்தான். டாக்டரம்மாவிடம் போகும் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

டாக்டரம்மா உடனே அளவைக் கூட்டவில்லை. "காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்றீங்க, சொல்லுங்க" என்றார்.

அண்ணி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எழுந்ததும் பால் விட்டு ஒரு டம்ளர் டீ. அந்த டீயோடு தைராய்டு மாத்திரை. ரத்தம் குறைவு என்று முன்பு வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் கூடவே. "மறந்துடக் கூடாதுன்னு ரெண்டையும் ஒரே மடக்குல முழுங்கிடுவேன்."

"இரும்பு மாத்திரைய என்கிட்ட சொல்லவே இல்லையே! அது தைராய்டு மாத்திரைய வயித்துக்குள்ளேயே பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. டீயும் பாலும் கெடுக்கும். வெறும் வயித்துல வெறும் தண்ணியோட போடுங்க. டீ, சாப்பாடு எல்லாம் முக்கால் மணி நேரம் கழிச்சு. இரும்பு நாலு மணி நேரமாவது தள்ளி."

டீயைத் தள்ளிப்போடுவதுதான் அண்ணிக்குப் பெரிய சோதனை. மாத்திரையைப் போட்டுவிட்டுக் குளிப்பார், பாத்திரம் துலக்குவார், துணி காயப்போடுவார், கடிகாரத்தை முறைப்பார். அண்ணன் பாவம், டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனியில் போய் ஒளிந்து குடித்தான். "இங்கேயே குடிங்க, வாசனை வயித்துக்குள்ள போகாது" என்று அண்ணி கூப்பிட்டார். இரும்பு மாத்திரை மதியத்துக்கு மாறியது. ஒரு நாளும் பிசகவில்லை.

முதலில் திரும்பி வந்தது குரல். அழுக்குத்துணி மேஜையிலிருந்து அண்ணி யாரையோ அதட்ட, கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு குளிர் விட்டது. நடுவில் ஒருமுறை மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அதற்கடுத்த பரிசோதனையில் அம்புக்குறி எதுவும் இல்லை.

"நார்மல் ஆயிடுச்சே, இனி நிறுத்திடலாமா?" என்றான் அண்ணன்.

"மாத்திரை போடுறதாலதாங்க நார்மல். சூப்பர்வைசர் சத்தம் போடலைன்னு நாங்க எல்லாரும் வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டா எப்படி இருக்கும்?" என்றார் அண்ணி.

தாளில் வந்த எண்ணை மட்டும் நம்பி அவர் ரோலருக்குத் திரும்பவும் இல்லை. வேலை முடிந்து மெஷின் ஆறியபின், நெட்டையக்காவை எதிரில் நிறுத்திப் பழைய திரைச்சீலைகளை ரோலருக்குள் கொடுத்துப் பழகினார். நெட்டையக்கா "போதும் தாயே, எனக்குத்தான் கை வலிக்குது" என்ற பிறகுதான் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். ஏறிய எடை மட்டும் முழுசாக இறங்கவில்லை. "தைராய்டு போட்டது போயிடுச்சு, இது நான் சாப்பிட்டது" என்பார்.

இப்போது கூடத்தில் யாருக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தாலும் தாளைத் தூக்கிக்கொண்டு அண்ணியிடம்தான் வருகிறார்கள். அவர் கையில் வாங்குவதே இல்லை. "என் நம்பருக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரியும். உங்களோடத டாக்டர்கிட்ட காட்டுங்க, என்னென்ன மாத்திரை போடுறீங்களோ அத்தனையும் எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மகள் உண்டாகியிருந்தபோது மட்டும் விடவில்லை. முதல் தடவை டாக்டரிடம் போகும்போதே, "எங்கம்மாவுக்குத் தைராய்டு இருக்குன்னு சொல்லு, அவங்க கேட்கட்டும்னு இருக்காத" என்று சொல்லி அனுப்பினார். சோதித்ததில் அவளுக்கும் டி.எஸ்.ஹெச். கூடுதல். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு வேண்டும் என்று அன்றே மாத்திரை தொடங்கி, பிரசவம் வரை பார்த்துப் பார்த்து அளவை மாற்றினார்கள்.

பெண் குழந்தை. வீட்டுக்கு அனுப்பும் முன், அதற்குத் தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்கக் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி வீறிட்ட பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டியபடி நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"ரிசல்ட் எப்பம்மா வரும்?"