மணலுக்குள் நுழைந்த பட்டை

ஆர்வில்லாவின் முழங்கால் அன்று விடிந்ததுமே முனகத் தொடங்கிவிட்டது. நெவாடாவின் ஓவர்டன் ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுள் உருளைக்கிழங்கு மசித்தவள் அவள். கணவன் போன பிறகு மீதி ஆயுள் நெருப்புப் பள்ளத்தாக்கு என்ற அரசுப் பூங்காவின் மணற்பாறைகள்மேல் தவழ்வதில் கழிந்தது. பல்கலைக்கழகத்துக்கு அளவெடுத்துக் கொடுக்கும் வேலை. தவழ்ந்ததை எல்லாம் ஒரே திசையில் தவழ்ந்திருந்தால் இந்நேரம் நிலாவில் கடை போட்டிருப்பாள்.

அவள் அளப்பது பட்டைகளை. எப்போதோ பூமியின் நெரிசலில் மணல்மணிகள் நசுங்கி இறுகிய மெல்லிய வரிகள் அவை. சுற்றியுள்ள பாறை காற்றில் தேய்ந்துபோக, இவை மட்டும் மீன்துடுப்பு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். நீளம் கூடினால் தடிமனும் கூடும், ஆனால் மகா கஞ்சத்தனமாக. நாலு மடங்கு நீண்டது ரெண்டு மடங்கு பருத்திருந்தாலே பெரிது. நடுவில் தடித்து, இரு நுனியிலும் மெலியும்.

"ரெண்டு நுனியும் தெரியிற மாதிரி நீளமா இன்னும் ஒண்ணே ஒண்ணு, ஆர்வில்லாம்மா. அப்புறம் உங்கள விட்டுடறேன்" என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அது கிடைத்தால் முழங்கால் அறுவைக்குப் போய்க் கட்டிலில் விழலாம்.

கிடைத்தே விட்டது. ஒரு மேட்டில் தொடங்கிய பட்டை, இடையில் மணலுக்குள் புகுந்து, அடுத்த மேட்டில் அதே வாக்கில் எழுந்து ஓடி முடிந்தது. வண்டியோட்டி வந்த கொழுந்தன் லமாண்ட், முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துப் படுத்திருந்தார்.

"ஒரே பட்டைதான் அண்ணி. எழுதுங்க, கிளம்பலாம்."

"நடுவுலதானே தடிப்பா இருக்கணும்? மணல் கிட்ட வர வர மெலியுதே."

"அதுவும் உங்கள மாதிரி களைச்சுப் போயிருக்கும்."

"நம்ம தேவாலயச் சபை காபியே கூடாதுன்னு தடை போடாம இருந்தா ஒரு வாய் குடிச்சிட்டு யோசிப்பேன்."

"மணலுக்கடியில யாரு அண்ணி பாக்கப் போறா?"

ஆர்வில்லா வண்டியின் மெத்தை இருக்கையைக் கொஞ்ச நேரம் ஏக்கமாகப் பார்த்தாள். பிறகு குப்புறப் படுத்து, கையால் மணலை வாரினாள். பூங்காவில் சுத்தியல் எடுக்கக் கூடாது, கையும் தூரிகையும்தான். பட்டை தாளாக மெலிந்தது, மயிரிழையானது, இல்லாமலே போனது. ஒரு சாண் தள்ளி, எதிர்ப்பக்கத்துப் பட்டையும் அதேபோல மெலிந்து செத்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

லமாண்ட் எழுந்து வந்து பார்த்தார். மிச்சமிருந்த எலுமிச்சைச் சாற்றை அவளிடம் நீட்டினார்.

அவள் மணலைப் பழையபடி தள்ளி மூடினாள். பட்டைகள் இரண்டு என்று எழுதினாள்.

"நாளைக்கு அந்தச் செம்முகட்டுக்குப் பின்னால தேடணும்."

"இந்தக் காலோடவா?"

"காலுக்கு என்ன? நீளம் அப்படியேதான் இருக்கு. தடிமன்தான் தினம் தினம் கூடுது."

லமாண்ட் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினாள்.